பொறந்த வூட்டுப் பூ

உங்கள் அப்பா, உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல், மல்லிகைப் பூ வாங்கிவந்து பழைய டயருக்குள் ஒளித்துவைத்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு நிற்காமல் மூச்சிரைக்க ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லியும் இருக்கிறேன். அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. துப்பறிவதற்கு அதைவிடத் தோதான வயது கிடையாது. எல்லாம் கண்ணில் படும், எதுவும் புரியாது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். உத்திரமேரூர் கடைத்தெருவில் நைனாவுக்கு வாடகை சைக்கிள் கடை. நாள் முழுக்கக் குந்தியபடி டியூபைத் தண்ணீரில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். யாரோடும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அம்மா அதற்கு நேர்மாறு. எதையும் பேசுவாள், எதையும் நம்பமாட்டாள். கடைக்காரன் படியை நம்பமாட்டாள், பஞ்சாங்கத்தை நம்பமாட்டாள். வானம் கருத்துக்கொண்டு வந்தால்கூட மாடியில் காயும் வடகத்தை எடுக்கமாட்டாள். "சும்மா மெரட்டுது" என்பாள்.

மூன்றாவது ஆள் மாமா. அம்மாவின் தம்பி. வேலை தேடுவதற்காக எங்கள் வீட்டுக்கு வந்து, நாஷ்டா, சாப்பாடு, மறுபடி நாஷ்டா என்று வருஷக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார். மிச்ச நேரத்தில் துப்பறியும் நாவல் படிப்பார். தெருவில் ஒரு நாய் காணாமல்போனால்கூட, "இதுல உள்வேலை கீது" என்று மீசை இல்லாத இடத்தைத் தடவுவார்.

இவர்கள் மூவருக்கும் நடுவில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். நெல் மில் லாரி. ஒரு தடவை நெல்லூர்ப் பக்கம் லோடு எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வரும்போது பெண்டாட்டியோடு வந்தார். அதுவரை பரவாயில்லை. ஆனால் அந்தப் பெண்ணைத் தேடி யாருமே வரவில்லை. அப்பன் வரவில்லை, அண்ணன் வரவில்லை, பொங்கலுக்கு ஒரு கரும்புத்துண்டுகூட வரவில்லை. தெருவுக்கு அது போதாதா? ஓடிவந்தவள் என்றார்கள், ஏற்கெனவே கல்யாணமானவள் என்றார்கள், மாமா ஒருபடி மேலே போய் கொலை செய்துவிட்டு வந்தவளாக இருக்கலாம் என்றார். அந்தப் பெண்ணோ தண்ணீர்க் குடத்தோடு போகும்போது எதிரில் கோழி வந்தால்கூட ஒதுங்கி வழிவிடுவாள். "கொலை பண்றவங்க அப்பிடித்தான் கீவாங்க" என்றார் மாமா.

அவளுக்குத் தெரு வைத்த பெயர் நெல்லூராள்.

டிரைவருக்கும் நைனாவுக்கும் சிநேகம். லாரி வந்து நின்றதும் நேராக எங்கள் கடைக்குத்தான் வருவார். இரண்டு பேரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுமே பேசமாட்டார்கள். ரொம்பத் திருப்தியாக எழுந்து போவார்கள்.

அந்த டிரைவருக்குக் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள், காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். லாரியில் போனவரை லாரியிலேயே திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

சாவுக்கு மாலை அனுப்பவேண்டும். நைனா ரோஜா மாலை என்றார். அம்மா, "செத்தவருக்கு ரோஜான்னு தெரியப்போவுதா, சாமந்தின்னு தெரியப்போவுதா? சாமந்திதான் கெட்டியா நிக்கும்" என்று சொல்லி, நல்ல மஞ்சளாக, தடியாக ஒரு சாமந்தி மாலையைத் தேர்ந்தெடுத்தாள். அதைக் கையில் வாங்கியவள் சாலவாக்கத்திலிருந்து வந்திருந்த டிரைவரின் அண்ணன் பெண்டாட்டி. மாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒப்பாரிக்கு நடுவில் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள்:

"இன்னாம்மே இது, மாட்டுப் பொங்கலுக்கு வாங்கினதுல மீந்துபோச்சா?"

இரண்டு மூன்று பேர் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றால் அது எங்கேயோ பத்திரமாகப் போய் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சாலவாக்கத்து அண்ணனும் அண்ணன் பெண்டாட்டியும் காரியம் முடியும்வரை என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டார்கள். வந்த வேகத்தில் பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்கள் இறங்கின. வீடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. நெல்லூராளை என்ன செய்வது என்பதுதான் பேச்சு. அதைச் சாலவாக்கத்தாள் ஒளிவுமறைவாகப் பேசவில்லை. குழாயடியில் நின்றுகொண்டு, குடம் நிரம்பும் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினாள்.

"கருமாதிக்குப் பொறந்த வூட்டுப் பூ வரட்டும். வந்தா பேசிக்கலாம். வரலியா, பஸ்ல ஏத்தி வுட்டுட வேண்டியதுதான். எந்த ஊருக்கா? எந்த ஊர்லருந்து வந்தாளோ அந்த ஊருக்கு. கேக்கறதுக்கு யாரு கீறா அவளுக்கு?"

இது என்ன வழக்கம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் புருஷன் செத்துப்போனால், கருமாதிக்கு முதல் நாள் சாயந்தரம், பெண்டாட்டியின் பிறந்த வீட்டிலிருந்து பூவும் வளையலும் வரும். கடைசித் தடவையாக அவளுக்குத் தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு உட்காரவைப்பார்கள். மறுநாள் விடிந்ததும் குளக்கரையில் அத்தனையையும் எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்காகவே வைக்கும் பூ. இதைக் கண்டுபிடித்த மகானுபாவன் கையில் கிடைத்தால் நன்றாகக் கேட்டுவிடுவேன். அது கிடக்கட்டும். அந்தப் பூவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பூ வந்தால் அவளுக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பூ கொண்டுவந்தவர்கள்தான் காரியம் முடிந்தபிறகு பந்தலில் உட்கார்ந்து, 'எங்க பொண்ணுக்கு இன்னா வழி?' என்று கேட்பார்கள். பூ வரவில்லையென்றால் கேள்வியும் வராது. பஸ் மட்டும் வரும்.

அந்த நாட்களில்தான் நைனாவின் நடவடிக்கை மாறியது.

முதல் தடயம் எனக்குத்தான் கிடைத்தது. கடையில் நான் சும்மா ஒரு பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நைனா டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி, என்னைப் பார்க்காமல், கேட்டார்.

"பாப்பா, உங்கம்மா தலைக்கு இன்னா பூவு வெச்சிக்கறா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான நாளிலிருந்து தினம் பார்க்கிற தலை.

"மல்லி. மல்லி இல்லாட்டி முல்லை. எதுக்கு நைனா?"

"சும்மா."

நைனா எதையும் சும்மா கேட்கிற ஆள் இல்லை. அன்று மத்தியானமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயிற்று.

"எனக்கா வாங்கப்போறாரு? இத்தினி வருசமா இல்லாம?" என்றாள். பிறகு தனக்குத்தானே, "எனக்கு இல்லன்னா யாருக்கு?" என்றாள்.

இரண்டாவது தடயம் மாமாவுடையது. சாப்பிட்டுக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் சொல்றேன்னு நெனச்சிக்காத. டிரைவர் வூட்டுப் பின்பக்கமா மாமாவப் பாத்தேன். அந்தப் பொம்பளயோட நின்னு பேசிக்கினு இருந்தாரு" என்றார்.

"பேசிக்கினு இருந்தாரா? நம்ப வூட்டுக்காரரா?"

"ஆமாங்கறேன். அவரு பேசறாரு, அவ அழுவறா. அப்பறம் அவ பேசறா, இவரு தலைய ஆட்டறாரு."

"இன்னா பேசினாங்க?"

"கேக்கலியே. வேலி குறுக்க இருந்திச்சி."

"நீ எதுக்குதான் லாயக்கு?" என்று அம்மா ரசத்தை அவர் இலையில் வேகமாக ஊற்றினாள். இலைக்கு வெளியே ஓடியது.

அதற்குப்பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. நைனா கழற்றிப்போட்ட சட்டையை அம்மா துவைப்பதற்கு முன்னால் மோந்து பார்த்தாள். கிரீஸ் வாசனைதான் வந்தது. வெறும் கிரீஸ் வாசனை வந்ததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. "வேணும்னே தடவிக்கினு வந்துகிறாரு" என்றாள். நைனா வழக்கமில்லாத கிழமையில் முகச்சவரம் செய்துகொண்டார், அதுவும் குறித்துக்கொள்ளப்பட்டது. ராத்திரி சாப்பாட்டில் நைனா "கொழம்பு நல்லா கீது" என்று சொல்லிவிட்டார். அதுதான் உச்சம். அதுவரை சொன்னதே கிடையாது. அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இதெல்லாம் திருவிழா மாதிரி இருந்தது. ஒரு நாளும் வீட்டில் யாரும் என்னிடம் இத்தனை விஷயம் கேட்டதில்லை. கடைக்கு யார் வந்தார்கள், நைனா எங்கே பார்த்தார், எத்தனை தடவை எழுந்து போனார், எல்லாவற்றுக்கும் நான்தான் சாட்சி. சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் கொஞ்சம் உப்புப் போட்டுச் சொன்னேன்.

கருமாதிக்கு முதல் நாள் காலையில் நைனா, "வாலாஜாபாத் போய் டியூப் வாங்கினு வர்றேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பஸ் இருக்கும்போது சைக்கிளில். உத்திரமேரூரிலேயே டியூப் கிடைக்கும்போது வாலாஜாபாத்துக்கு. அம்மா என்னைப் பார்த்தாள். நான் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மத்தியானம் வெயிலில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கையில் டியூப் இல்லை. கேரியரில் ஈரச் சாக்கு சுற்றிய ஒரு மூட்டை. என்னைப் பார்த்ததும், "பாப்பா, போய் ஒரு சோடா வாங்கினு வா" என்றார். நான் போகிறமாதிரி போய், பக்கத்துக் கடை மறைவில் நின்று பார்த்தேன். கடைக்குப் பின்னால் பழைய டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார். மூட்டையை அதற்குள் இறக்கினார். மேலே இன்னொரு டயரைப் போட்டு மூடினார். சுற்றும்முற்றும் பார்த்தார். திருடன்கூட அவ்வளவு மோசமாக முழிக்கமாட்டான்.

சோடாவைக் கொடுத்துவிட்டு, அவர் முகம் கழுவப் போன நேரத்தில் உள்ளே கையைவிட்டேன். ஈரம். வாழையிலை. இலையை விலக்கினால், ரப்பர் நாற்றத்தை முட்டித் தள்ளிக்கொண்டு மேலே வந்தது மல்லி வாசனை. பந்து பந்தாக மல்லி. பக்கத்தில் பேப்பரில் சுருட்டிய சிவப்புக் கண்ணாடி வளையல்.

ஓடினேன்.

உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. ஏனென்றால் பொறந்த வூட்டுப் பூ பொறந்த வூட்டிலிருந்து வரும். சைக்கிள் கடையிலிருந்து வரும் என்று யார் நினைப்பார்கள்? மாமா கண்ணை மூடி யோசித்துவிட்டு முடிவைச் சொன்னார்:

"பூவு, வளையலு. இன்னைக்கு சாயந்தரம் அந்த வூட்ல கூட்டம். யாரும் கவனிக்கமாட்டாங்க. அக்கா, மாமா அவள இட்டுகினு நெல்லூருக்கு ஓடப்போறாரு."

"சைக்கிள்லியா?" என்றேன்.

"நீ சும்மா இரு."

அம்மா கத்தவில்லை, அழவில்லை. எழுந்துபோய் முகம் கழுவினாள். நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கூந்தலை அள்ளி இறுக்கி முடிந்தாள். முடிந்த விதத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

"வாடி, போலாம்."

"எங்கம்மா?"

"ஊருக்கு முன்னாடி கேக்கறதுக்கு."

டிரைவர் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல். ஒரு பக்கம் ஆம்பளைகள் பீடி புகைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் பெண்கள். நடுவில் பாய் போட்டு நெல்லூராளை உட்காரவைத்திருந்தார்கள். தலையை எண்ணெய் வைத்து வாரிப் பின்னியிருந்தார்கள். பூ இல்லாத, வாரிய தலை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டியும் துணிமூட்டையும் தயாராக இருந்தன.

எனக்கு அந்தப் பெட்டி ஒரு தடயமாகப் பட்டது. "பாத்தியாம்மா, ஓடறதுக்கு ரெடி" என்று அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

சாலவாக்கத்தாள் பந்தலுக்கு நடுவில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பொறந்த வூட்டு ஜனம் யாருனா கீறீங்களா? பூ கொண்டாந்துகிறீங்களா?"

பதிலுக்கு ஒரு குழந்தை மட்டும் அழுதது. அதன் வாயில் எதையோ திணித்து நிறுத்தினார்கள். அவள் மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. மூன்றாம் தடவை கேட்பதற்கு வாயைத் திறந்தபோது, ஆம்பளைகள் பக்கத்திலிருந்து நைனா எழுந்து வந்தார். கையில் தாம்பாளம். எங்கிருந்து கிடைத்ததோ, கடன் வாங்கிய தாம்பாளம். அதில் பந்து பந்தாக மல்லி, சிவப்பு வளையல். பாய்க்கு முன்னால் கீழே வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

பந்தல் முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது.

"நீ யாருய்யா இவளுக்கு?" என்றாள் சாலவாக்கத்தாள்.

நைனாவுக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. தொண்டையைச் செருமினார். "அண்ணன்னு வெச்சிக்கம்மா" என்றார்.

"வெச்சிக்கறதா? கடையில வாங்கற சாமானாய்யா அண்ணன்? நெல்லூர் எங்க, நீ எங்க?"

"டிரைவரு எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி..."

"அப்ப இவ உனுக்குத் தம்பி பொண்டாட்டி. எப்பிடிய்யா தங்கச்சி ஆவா?"

கூட்டம் சிரித்தது. நைனா அதை யோசித்துவைக்கவில்லை போலிருக்கிறது. சாலவாக்கத்தாள் விடவில்லை. குனிந்து தாம்பாளத்தைப் பார்த்தாள். ஒரு வளையலை எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.

"சரிய்யா, அண்ணன்னே வெச்சிக்குவோம். பூவு வந்திடுச்சி. வெக்கற கையி எங்க? ஆம்பள வெக்கலாமா பூவு? அண்ணி வெக்கணும். பொறந்த வூட்டுப் பொம்பள கை பட்டாதான் அது பொறந்த வூட்டுப் பூவு. இல்லாங்காட்டி நீ குடுத்த பூவு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆம்பள குடுத்த பூவு."

அந்தக் கடைசி வார்த்தை எங்கே போய்க் குத்துகிறது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. எனக்குக்கூடக் கொஞ்சம் தெரிந்தது. நைனாவின் முகம் வெளுத்துவிட்டது. அவருக்குப் பூ வாங்கத்தான் தெரிந்திருக்கிறது. வாலாஜாபாத் வரைக்கும் மிதித்துப்போய், ஊருக்குத் தெரியாமல் கொண்டுவந்து, ரப்பருக்கு நடுவில் வாடாமல் வைக்கத் தெரிந்திருக்கிறது. வைப்பதற்கு ஒரு கை வேண்டும் என்பதும், அந்தக் கை எந்தக் கை என்பதும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் அம்மாவிடம் முதலிலேயே சொல்லியிருப்பாரா என்று கேட்காதீர்கள். எங்கள் அம்மாவிடம் போய், இன்னொருத்திக்குப் பூ வாங்கப்போகிறேன் என்று சொல்ல எந்த ஆம்பளைக்கும் துணிச்சல் வராது.

நெல்லூராள் தலையைத் தூக்கவில்லை. ஆனால் அவள் கை மெதுவாக நகர்ந்து, பக்கத்தில் இருந்த டிரங்குப் பெட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் எல்லாத் தலையும் ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் திரும்பியது. பந்தல் காலைப் பிடித்தபடி அம்மா நின்றிருந்தாள். நைனாவும் பார்த்தார். ஒளிய இடம் தேடுகிறவர் மாதிரி ஒரு நொடி பந்தலின் கூரையைப் பார்த்தார்.

நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை எப்போது ஆரம்பிக்கும் என்று எனக்குப் பரபரப்பு. அம்மா முதலில் தாம்பாளத்தைப் பார்த்தாள். பிறகு நெல்லூராளை, தலையிலிருந்து கால்வரை, புடவைக்கடையில் புடவையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு நைனாவை. நைனாவைப் பார்த்த பார்வைதான் நீளமாக இருந்தது. அதற்குப்பிறகு சாலவாக்கத்தாளை. அங்கே வந்ததும் அம்மாவின் உதடு லேசாகக் கோணியது.

என் கையை உதறிவிட்டு நடந்தாள். பாயில் நெல்லூராளுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒரு பந்து மல்லியை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள்.

"ரப்பர் நாத்தம் அடிக்குது" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஆம்பளய வுட்டா இப்பிடித்தான். வெறும் மல்லியா வாங்கினு வந்துகிறாரு பாரு. நடுவுல கனகாம்பரம் வெச்சிக் கட்டினா தலைக்கு எவ்ளோ எடுப்பா கீது! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாதானே?"

வைக்க ஆரம்பித்தாள். மளமளவென்று, ஒரு பந்துக்குமேல் இன்னொரு பந்தாக. அந்தப் பின்னல் மறையும்வரை வைத்தாள். கையை இழுத்து வளையலைப் போட்டாள். வளையல் சின்னது. அழுத்தித் தள்ளியதில் ஒன்று உடைந்தது, இன்னொன்றை எடுத்துத் தள்ளினாள். மென்மையாக எதுவும் செய்யவில்லை. எனக்குத் தலைபின்னும்போது எப்படி இழுப்பாளோ அப்படித்தான் இழுத்தாள்.

கடைசி வளையல் ஏறும்போது நெல்லூராள் திரும்பி அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வதினா" என்றாள். தெலுங்கில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதுவரை சத்தமே வராத தொண்டையிலிருந்து அப்புறம் ஒரு அழுகை வந்தது. பந்தலில் இருந்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள். மாலையைப் பார்த்துச் சிரித்தவர்களும் அழுதார்கள்.

அம்மா அழவில்லை. எழுந்து நின்று, புடவையைத் தட்டிவிட்டு, சாலவாக்கத்தாளிடம் சொன்னாள்:

"இன்னா பாக்கற? மாட்டுப் பொங்கலு மாலை போட்ட வூடுதான். எங்க வூட்டுப் பொண்ணு இவ. இவளுக்கு இன்னா வழின்னு நாளைக்கு ஆம்பளைங்க வந்து கேப்பாங்க."

"கேளு, கேளு. மொதல்ல காலீல குளத்தங்கரையில பூவ எடுக்கட்டும்..."

"எங்க பூவு. நாங்க எடுத்துக்கறோம். எங்க வூட்டுல, எங்களுக்குத் தோணறப்போ. நீ யாரு எடுக்க?"

"ஊர் வழக்கம்னு ஒண்ணு கீதும்மே!"

"வழக்கமா? பொறந்த வூட்டுப் பூ வர்றதுக்கு முன்னாடியே பொட்டி கட்டி வெச்சிகிறியே, அது எந்த ஊரு வழக்கம்?"

சொல்லிவிட்டு டிரங்குப் பெட்டியை அம்மாவே தூக்கினாள். காலியான தாம்பாளத்தை என் தலையில் கவிழ்த்தாள். நெல்லூராளின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள். புருஷன் செத்த பெண், கருமாதிக்கு முதல் நாள், தலை நிறைய மல்லியோடு கடைத்தெரு வழியாக நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். நாங்கள் மூன்று பேர் முன்னால். பத்தடி தள்ளி, தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நைனா. இன்னும் தள்ளி, வேடிக்கை பார்க்க எங்கள் பின்னாலேயே வந்திருந்த மாமா. ஓடிப்போகாத ஜோடியைப் பார்த்த ஏமாற்றம் அவர் நடையிலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நெல்லூராளை உள்ளே பாய் போட்டு உட்காரவைத்துவிட்டு அம்மா அடுக்களைக்குப் போனாள். நைனா பின்னாலேயே போனார். நானும் போனேன். எனக்கு இன்னும் சண்டை பாக்கியிருந்தது.

நைனா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "தப்பா நெனச்சிக்காத. உங்கிட்ட சொல்லலாம்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

அம்மா திரும்பினாள். முகத்தில் கோபமே இல்லை. சந்தையில் நினைத்த விலைக்கு மாட்டை முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

"ஊரே பாத்திச்சி" என்றாள். "எங்கையால பூ வெச்சிகிறேன். இனிமே அவ உனுக்குத் தங்கச்சி. சாவற வரைக்கும் தங்கச்சி. தெரிதா?"

நைனா அடுப்பருகே குனிந்தார். எரிகிற விறகை ஒருமுறை உள்ளே தள்ளினார். அப்புறம், "அதுக்குத்தானே வாங்கினு வந்தேன்" என்றார்.

"அதுக்குத்தான்னா சரி" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். நான் வெகுநேரம் காத்திருந்து பார்த்தேன். சண்டை வரவேயில்லை. எனக்கு ஒரு அத்தை கிடைத்துவிட்டாள் என்று அம்மா நல்ல செய்தியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அத்தையின் வளையலை எண்ணிப் பார்க்கப் போய்விட்டேன்.

பூவை யாரும் எடுக்கவில்லை. மறுநாள் வாடியது, அதற்கடுத்த நாள் பழுப்பானது, அத்தை படுத்து எழும் இடமெல்லாம் உதிர்ந்தது. கடைசியில் வெறும் நார் மட்டும் தொங்கியபோது அவளே அவிழ்த்து முற்றத்தில் போட்டாள். சாலவாக்கத்துக்காரர்கள் வீட்டில் பாதியைக் கொடுத்தார்கள். நைனாவும் மாமாவும் நடையாய் நடந்துதான் வாங்கினார்கள். மாமா வாழ்க்கையில் செய்த ஒரே வேலை அதுதான்.

காலேஜில் மூன்று வருஷம் லாஜிக் படித்திருக்கிறேன். இதை வைத்து அது, அதை வைத்து இது என்று எதையும் முடிவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அன்று பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அம்மா நைனாவை நீளமாகப் பார்த்தாளே, அதை வைத்து இன்னும் என்னால் ஒன்றையும் முடிவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வீடு கிடைக்கட்டும் என்றா வைத்தாள் பூவை? மாட்டுப் பொங்கல் மாலைக்குப் பதிலா? இல்லை, வேறு எந்தப் பூட்டாலும் பூட்ட முடியாத ஒன்றை ஊரைச் சாட்சி வைத்துப் பூட்டினாளா? விறகைத் தள்ளிக்கொண்டு நைனா பேசாமல் இருந்தாரே, அந்த நேரத்தில் அவர் மனசில் என்ன இருந்தது? போன மாசம் துணிந்து அம்மாவிடமே கேட்டுவிட்டேன். "இன்னாத்துக்கு இப்ப அதக் கேக்கற? யாரு கேக்கச் சொன்னா?" என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தாள்.

இப்போது சாயந்தரம். அத்தை கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். நைனா பக்கத்தில் பம்பு அடிக்கிறார். அம்மா எதிர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.